தர்க்கத்தில் நான் தோற்கவில்லை

உட்காருங்கள் டீச்சர். இந்த மழையில் எங்கே போகப்போகிறீர்கள்? குடையை அப்படியே மூலையில் சாய்த்து வையுங்கள். தண்ணீர் வடிந்தால் வடியட்டும், தரை ஒன்றும் கரைந்துவிடாது. மாடியைப் பார்த்துவிட்டீர்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சாதாரணமாக முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து முகம். பேப்பரைத் திருத்திக் கையில் கொடுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டீர்கள்.

வாடகை கிடக்கட்டும், அதை அப்புறம் பேசலாம். பேரத்தில் என்னை இதுவரை எவரும் ஜெயித்ததில்லை. எடுத்த எடுப்பில் அதில் இறங்கினால் உங்களுக்குத்தான் சிரமம்.

போன தடவை மாடியில் ஒரு இளஞ்ஜோடி இருந்தது. நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் சாயங்காலம் துணி காயப்போட வந்தால் நானும் படியில் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவேன். நாலு வார்த்தை என்றால் நாலு வார்த்தையா, இருட்டும்வரை பேசுவேன். பிறகு அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக்கொண்டாள். பிறகு காலி செய்துவிட்டார்கள். ஆபீசுக்குத் தூரமாம். பக்கத்துத் தெருவுக்குத்தான் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் இருக்கிற படத்தையே பார்க்கிறீர்கள். நான்தான். நம்ப முடியவில்லையா? சூர்யகலா. அம்மா வைத்த பெயர் பேச்சியம்மாள். அந்தப் பெயரை நோட்டீஸில் போட்டால் எவன் வருவான் என்று நானே மாற்றிக்கொண்டேன். இடுப்பில் குடம் வைத்திருக்கிறேன் இல்லையா, அது மரகதவல்லி வேஷம். குடத்தின் கழுத்தில் மாலை கிடக்கிறதே, அதைத்தானே பார்க்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சொல்கிறேன். மழை விடும்வரை உங்களுக்கும் வேலை இல்லை.

இசை நாடகம் பார்த்ததில்லை என்கிறீர்கள். சரி, சொன்னால் புரிந்துவிடும். இந்தப் புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் நாடகம் வைப்பார்கள், விடியவிடிய நடக்கும். கம்பெனி, முதலாளி என்று யாரும் கிடையாது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் திண்டுக்கல்லில் இருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மணப்பாறையில் இருந்து வருவார். பபூன் மதுரையில் இருந்து வருவான். ராஜபார்ட் என்றால் கதாநாயகன், ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி. பபூன் சிரிக்க வைக்க. டான்ஸ் என்பவள் அவனோடு ஆட. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸைவிட்டு இறங்கி, முகத்துக்கு ரோஸ் பவுடரைப் பூசிக்கொண்டு, மேடை ஏறினால் புருஷன் பெண்டாட்டி. விடிந்ததும் அவரவர் பஸ்.

நான் டான்ஸ். எனக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை டீச்சர். அறந்தாங்கியில் அரிசி ஆலையில் அம்மா நெல் காயப்போட்ட களத்தில் நானே ஆடிப் படித்தேன். காலில் கொப்புளம் வரும், அது வரட்டும். எங்கள் ஊர் நாடகத்துக்கு ஒரு தடவை டான்ஸ்காரி வரவில்லை. திருவிழாக் கமிட்டியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் போய் “நான் ஆடுறேன், ஆனா என் பேர மைக்குல ரெண்டு தடவ சொல்லணும்” என்றேன். பாவாடை கட்டின வயசு. அப்போதே பேரம். ஒருத்தர் “ஒரு தடவை சொன்னாப் போதாதா?” என்றார். “அப்ப ஒரு காலால ஆடுறேன்” என்றேன். இரண்டு தடவை சொன்னார்கள்.

அன்றைக்கு ஏறிய மேடைதான். எத்தனை ஊர், எத்தனை மண்! நோட்டீஸில் ராஜபார்ட் படமும் ஸ்திரீபார்ட் படமும் மேலே பெரிதாக இருக்கும். டான்ஸ்காரி படம் கீழே, பபூனுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவு. நான் அச்சாபீஸுக்கே நேரில் போய்ச் சண்டை போட்டு என் படத்தைத் தீப்பெட்டி அளவுக்கு ஏற்றினேன். மேடைக்கு வந்து ரூபாய் நோட்டை என் ரவிக்கையில் குத்திவிடுவேன் என்று நின்ற ஆள்மேல் மைக்கைக் கழற்றி ஓங்கினேன். அன்றிலிருந்து சூர்யகலாவுக்கு அன்பளிப்பு என்றால் பபூன் கையில்தான் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் நான் கேட்டு, முறைத்து, பிடுங்கி வாங்கியது. தானாக வந்தது என்று என் வாழ்க்கையில் ஒன்று இல்லை. தானாக ஒன்று வந்தால் நான் அதைத் திருப்பிப் பார்ப்பேன், அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் எவனோடு எப்படி ஆடினாலும், கீழே இறங்கியதும் அவன் அண்ணன், நான் தங்கச்சி. அது ஒரு வேலி மாதிரி. ஊர்வாய்க்குப் பயந்து நாங்களே போட்டுக்கொண்டது. பபூன் கூத்தபெருமாள் மேடையில் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊரையே சுற்றுவான். திரை விழுந்ததும் “தங்கச்சி, இட்லி சொல்லட்டுமா?” என்பான். ஆர்மோனியம் சவரியப்பன் தலை நரைத்த மனுஷர், அவரும் தங்கச்சி என்பார்.

ராஜபார்ட் பரமகுரு மட்டும் சொல்ல மாட்டார். திண்டுக்கல்காரர். நல்ல உயரம், நல்ல சாரீரம். எத்தனை வருஷம் ஒரே மேடையில் நின்றிருக்கிறோம், ஒரு நாள் தங்கச்சி என்றதில்லை. “சூர்யா” என்பார். நான் “அண்ணே” என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி அந்தப் பக்கம் போய்விடுவார். ராஜபார்ட் என்ற திமிர். டான்ஸ்காரியைத் தங்கச்சி என்றால் கிரீடம் இறங்கிவிடும் போல. நானும் விடவில்லை. அண்ணே என்பதை நிறுத்திவிட்டு “ராஜபார்ட்டே” என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதற்கு அவருக்குச் சிரிப்பு.

இந்தப் படம் எடுத்த வருஷம் பங்குனியில் சாத்தனேரி அம்பலக்காரர் என்னைத் தேடி இந்த வீட்டுக்கு வந்தார். ஊர்ப் பெரியவர், திருவிழா அவர் பொறுப்பு. இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். டான்ஸுக்குக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன்.

“டான்ஸுக்கு வர மாட்டேன். ஸ்திரீபார்ட்டுன்னா வர்றேன். மரகதவல்லி நான்தான்.”

“ஆத்தா, நான் சொல்ல வந்தது...”

“நீங்க என்ன சொல்ல வந்தாலும் சரி. பாட்டு எனக்கு மனப்பாடம், தர்க்கம் எனக்கு மனப்பாடம். திரைக்குப் பின்னால நின்னு கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கேள்வியும் நாக்குல நிக்குது. வேணும்னா சொல்லுங்க. இல்லாட்டி எந்திரிங்க, எனக்கு ஒலை கொதிக்குது.”

அம்பலக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதத்தான் ஆத்தா நானும் சொல்ல வந்தேன். சூர்யகலா ஸ்திரீபார்ட்டா வந்தாத்தான் நான் வருவேன்னு பரமகுரு அண்ணன் கறாராச் சொல்லிட்டாரு. வேற யாரும் வேணாமாம்.”

பார்த்தீர்களா டீச்சர்? நான் பேரம் பேசி வாங்கியதை அவர் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆக்கிவிட்டார். எதற்காக என்னைக் கேட்டார்? ராத்திரி பூராவும் யோசித்தேன். பிடி கிடைத்தது. டான்ஸ்காரிக்கு முதல் ஸ்திரீபார்ட், மேடையில் உளறுவாள், சுலபமாக மடக்கிவிடலாம் என்ற கணக்கு. தொண்டை போய்க்கொண்டிருக்கிற ராஜபார்ட்டுக்கு லேசான எதிராளி வேண்டியிருந்தது. “வாங்க ராஜபார்ட்டே” என்று இந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

தர்க்கம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மரகதவல்லி ஒரு குறுநில ராஜாவின் மகள். பேச்சில் தன்னை வெல்கிறவனுக்குத்தான் மாலை என்று சபதம். இளவரசன் வளையல்காரன் வேஷத்தில் வருகிறான். அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள். அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான். எழுதி வைத்தது கொஞ்சம், அங்கேயே கட்டிச் சொல்வது நிறைய. யார் மடக்குகிறார்கள் என்று ஜனம் தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்கும். கடைசியில் ராஜபார்ட் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு மரகதவல்லி பதில் சொல்லக் கூடாது. இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். குடம் இறங்கினால் தோற்றாள் என்று அர்த்தம். ஆர்மோனியம் கல்யாணப் பாட்டை எடுக்கும், ராஜபார்ட் மாலை போடுவார், கிழக்கு வெளுக்கும்.

சாத்தனேரியில் இன்னொன்று உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிற வீடுகளில் இருந்து ஆளுக்கொரு மஞ்சள் கயிற்றைத் தாம்பாளத்தில் போட்டு மேடையோரத்தில் வைப்பார்கள். மரகதவல்லிக்கு மாலை விழுந்ததும் அந்தக் கயிறுகளை அவள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வருஷமே பெண்ணுக்கு மாலை விழும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்குத் தாம்பாளம் நிறைந்து வழிந்தது.

எங்களை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பெண்களுக்கு ஒரு வகுப்பறை, ஆண்களுக்கு ஒரு வகுப்பறை. மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் பெஞ்சில் படுத்துவிட்டார்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்து சவுரி முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பரமகுரு இரண்டு கண்ணாடி டம்ளரில் டீயோடு வந்தார். எனக்குச் சர்க்கரை கம்மியாக வேண்டும் என்று யார் சொன்னார்களோ, கம்மியாகத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி, படியில் உட்கார்ந்தார்.

“சூர்யா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாமக் கேக்கணும்.”

“கோவப்படுறதா வேணாமான்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.”

“இந்த சீசனோட நிறுத்திக்கிறேன். தொண்ட ஒத்துழைக்கல. திண்டுக்கல்ல வீடு இருக்கு. சின்ன வீடு, பின்னாடி ஒரு கெணறு. எம் பொண்டாட்டி போய்ச் சேந்ததுக்கப்புறம் பூட்டித்தான் கெடக்கு பாதி நாளு.” டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயும் ஒண்டியாத்தான் இருக்க. ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒல வச்சா என்ன? ஊரறிய, முறையா.”

நான் என்ன டீச்சர், நேற்றுப் பிறந்தவளா? ராஜபார்ட்டுகளுக்கு இது ஒரு வேலை. தர்க்கத்துக்கு முன்னால் ஸ்திரீபார்ட்டின் மனசைக் கரைத்து வைப்பார்கள். ஒருத்தர் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுப்பார். ஒருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கண் கலங்குவார். மனசு இளகின பொம்பளை மேடையில் பாதிக் கேள்வியை முழுங்கிவிடுவாள். எத்தனை ஸ்திரீபார்ட் இப்படி மேடையில் பேச்சற்று நின்றதை நான் திரை மறைவில் இருந்து பார்த்திருக்கிறேன்! பரமகுரு இந்த வேலை செய்து நான் பார்த்ததில்லைதான். ஆனால் தொண்டை போன மனுஷன் எதையும் செய்வான்.

“இந்தப் பருப்பு இங்க வேகாது ராஜபார்ட்டே. எதுவானாலும் மேடையில பாத்துக்கலாம்” என்றேன்.

“மேடையில இல்ல சூர்யா. நான் கீழ நின்னு கேக்குறேன்.”

“கீழயும் நான்தான், மேலயும் நான்தான்.”

அவர் எழுந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. “டீ ஆறிப்போச்சு, வேற வாங்கியாரவா?” என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு எட்டுப் போனவர் திரும்பி, “இப்பவே சொல்ல வேணாம். விடியுறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு” என்றார்.

விடிகிறதுக்குள்! கவனித்தீர்களா டீச்சர்? தர்க்கம் எப்போது முடியும்? விடிகிற நேரத்தில்தானே! சந்தேகம் இருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விட்டது எனக்கு.

அன்றைக்கு மேடையில் நான் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சைப் பட்டு, இடுப்பில் குடம். முன்வரிசை முழுக்கப் பெண்கள், மடியில் பிள்ளைகளோடு. பின்னால் ஆண்கள், மரத்து மேலேயும் ஆண்கள். பரமகுரு தலைப்பாகையும் வளையல் பெட்டியுமாக வந்தார். முதல் பாட்டிலேயே தொண்டை கரகரத்தது. சவரியப்பன் சுதியை ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தார். நான் இறங்கவில்லை. என் சுதியிலேயே பாடினேன். அவர் ஒன்று கேட்டால் நான் ஒன்றரை சொன்னேன். வளையலுக்கும் விலங்குக்கும் என்ன பேதம் என்று மடக்கினேன். வாய் பேசும் வியாபாரியின் சரக்கு ஏன் பேசுவதில்லை என்று மடக்கினேன். கூத்தபெருமாளே கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டினான்.

கிழக்கே லேசாக வெளுக்க ஆரம்பித்தது. பரமகுரு கடைசிக் கேள்வியை எடுத்தார். வழக்கமாகக் கேட்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கேட்டார். “அரண்மனையில் அந்தி விளக்கு ஏற்றுகிறாய் பெண்ணே. வருவார் இல்லை, போவார் இல்லை. அந்த வெளிச்சம் யாருக்காக?”

இந்த இடத்தில்தான் நான் குடத்தை இறக்க வேண்டும். சவரியப்பன் கல்யாணப் பாட்டின் முதல் எடுப்பை வாசித்துக் காட்டினார். நான் இறக்கவில்லை.

“என் விளக்கு எனக்கு வெளிச்சம், வளையல்காரரே! உம்முடைய நிழல் வந்து விழாதவரை இன்னும் வெளிச்சம்!”

கூரை பறந்துவிட்டது டீச்சர். விசில், கைதட்டு, துண்டு வீச்சு. அந்த மாதிரி ஒரு பதிலை எந்த ஸ்திரீபார்ட்டும் சொன்னதில்லை. சவரியப்பன் திரும்பவும் அந்த எடுப்பை வாசித்தார். ஆர்மோனியப் பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கி, உதட்டை மட்டும் அசைத்து “முடிச்சுக்க தங்கச்சி” என்றார். முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி எழுந்து “கொடத்த எறக்கு தாயி!” என்றாள். இன்னொருத்தி அழுதாள். அழுகிற அளவுக்கு என் பேச்சு போய்த் தைத்திருக்கிறது பாருங்கள்.

பரமகுரு ஒரு அடி கிட்டே வந்தார். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெதுவாகத்தான் கேட்டார். “நெசமாவே வேணாமா சூர்யா?”

தொழில் தெரிந்தவர் செய்கிற காரியமா இது? மேடையில் நிற்கிற மரகதவல்லியைச் சூர்யா என்று கூப்பிடலாமா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. மைக்கை என் பக்கம் இழுத்தேன். “என் பெயர் மரகதவல்லி! பெண்ணின் பெயரையே மறந்தவர் பெண் கேட்கவா வந்தீர்?” என்றேன்.

அவ்வளவுதான். அத்தனை பெரிய ராஜபார்ட், வளையல் பெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “தோத்துட்டேன்” என்றார், மைக்கில், எல்லோருக்கும் கேட்க. படியில் இறங்கி இருட்டுக்குள் போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். மரகதவல்லி ஜெயித்தாள் என்று ஒரு சரித்திரம் உண்டா? அன்றைக்கு உண்டானது.

ஊர் கொந்தளித்தது. அம்பலக்காரர் மேடைக்கே ஏறிவிட்டார். “ஆத்தா, மால விழாம விடியக் கூடாது. தாம்பாளத்துல எம் பேத்தி கயிறும் கெடக்கு. யாராவது வந்து மாலையப் போடுங்கய்யா!” கூத்தபெருமாள் தலையில் ராஜபார்ட் கிரீடத்தைக் கவிழ்த்து இழுத்து வந்தார்கள். காதுவரை இறங்கிவிட்டது கிரீடம். கண்ணே தெரியவில்லை அவனுக்கு. “தங்கச்சி, குனிஞ்சுக்க, போட்டுட்டு ஓடிர்றேன்” என்றான். நான் குனியவில்லை. தோற்காதவள் எதற்குக் குனிய வேண்டும்? அவன் தடவித் தடவி மாலையைக் குடத்தின் கழுத்தில் போட்டான். சிரித்தவர்கள் பாதி, அழுதவர்கள் பாதி. சவரியப்பன் கல்யாணப் பாட்டை வாசிக்காமலே பெட்டியை மூடினார். அந்த நேரத்தில் ஒரு போட்டோக்காரன் எடுத்ததுதான் இந்தப் படம். நல்ல வெளிச்சம் இல்லையா? முகத்தில் வெற்றி தெரிகிறதா?

தாம்பாளத்தைத் தேடினேன், கயிறுகளைக் கொடுக்கலாம் என்று. பெண்கள் ஏற்கெனவே அவரவர் கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு பொறாமை ஆரம்பித்தது. அந்த சீசனில் பேசி வைத்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. எந்த ராஜபார்ட்டும் எனக்கு எதிரே நிற்க மாட்டேன் என்றான். பயம், வேறென்ன? நாடக நடிகர் சங்கத்தில் கூப்பிட்டு, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடு, சரி பண்ணிவிடலாம் என்றார்கள். ஜெயித்ததற்கு எவளாவது வருத்தம் சொல்வாளா? திரும்ப டான்ஸுக்குக் கூப்பிட்டார்கள். மரகதவல்லி கட்டிய இடுப்பு பபூனோடு ஆடுமா? மாட்டேன் என்றேன். பிறகு கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குத்தான் நஷ்டம்.

பரமகுரு மேடைப் பக்கமே வரவில்லை. அவமானம் டீச்சர். டான்ஸ்காரியிடம் தோற்றுப்போன பிறகு எந்த முகத்தோடு வருவார்? நானாக இருந்தால் மறு தர்க்கம் வைத்திருப்பேன். அவருக்கு அந்தத் தைரியம் இல்லை.

அடுத்த வருஷம் சவரியப்பன் வந்தார், மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தோடு. கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினார். பிறகு சொன்னார்.

“தங்கச்சி, போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். பரமகுரு இன்னும் ஒண்டியாத்தான் இருக்காரு. தொண்ட சுத்தமாப் போச்சு, காத்துதான் வருது. உன்னப் பத்திக் கேட்டாரு.”

“என்னத்தக் கேட்டாரு?”

“நல்லா இருக்கியா, சாப்புடுறியான்னு. நீ ஒரு வார்த்த சொல்லு தங்கச்சி, நானே கூட்டிட்டு வர்றேன்.”

“எதுக்கு வரணும்? மறு தர்க்கத்துக்கா? எப்ப வேணா வரச் சொல்லுங்கண்ணே, நான் தயார்.”

சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயசாகிவிட்டால் மனிதர்களுக்குக் கண்ணில் சும்மாவே தண்ணீர் வருகிறது. “தொண்ட இல்லாத மனுசங்கிட்ட என்ன தர்க்கம் பண்ணுவ தாயி?” என்றார். காபி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. ஒரு தடவை திண்டுக்கல் வழியாகப் போகிற பஸ்ஸில் போனேன். பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. இறங்கவில்லை. இறங்கி எதற்கு? ஜெயித்தவள் தேடிப் போகிற வழக்கம் உண்டா? ஜன்னலை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காற்றுக்காக.

நீங்களே சொல்லுங்கள் டீச்சர். படித்தவர். அன்றைக்குத் தர்க்கத்தில் தோற்றது யார்? அவர்தானே? ஊர் கேட்க அவர் வாயாலேயே சொன்னாரே! சொல்லுங்கள்.

எங்கே, எழுந்துவிட்டீர்களா? இருங்கள், இன்னொரு வீடு பார்க்க வேண்டுமா? யார் சொன்னது? புரோக்கரா? எந்தத் தெரு? அங்கே தண்ணீர் உப்பு டீச்சர், தலைமுடி கொட்டிவிடும். வாடகை அங்கே கம்மியா? சரி, அதையே கொடுங்கள். என்ன பார்க்கிறீர்கள், அதையே கொடுங்கள் என்றுதான் சொன்னேன். அட்வான்ஸ் வேண்டாம். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் வரட்டும், தங்கட்டும், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். மாடிப்படியில் வந்து உட்கார மாட்டேன். பேச வேண்டாம் என்றால் பேசவும் மாட்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது “போயிட்டு வர்றேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் முடிந்தால்.

குடையை எடுக்காதீர்கள். மழை விடவில்லை. விட்டுவிட்டதா? யார் சொன்னது? அது இலையில் இருந்து சொட்டுகிற சத்தம் என்கிறீர்களா? இல்லை, நான் சொல்கிறேன், மழைதான். இந்த ஊர் மழை எனக்குத் தெரியாதா? கையை வெளியே நீட்டிப் பார்க்காதீர்கள் டீச்சர். நீட்டிவிட்டீர்கள்.

சரி. சரி டீச்சர். விட்டுவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி, நான் தோற்றேன்.

இப்போதாவது உட்காருங்கள்.